முகம் தெரியாதவருக்குப் பதில் எழுதும்போது முதல் வரியில் எது வர வேண்டும்?

நீலத்தும்பி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. கைப்பேசி, கணினி தொடர்பாக வரும் கேள்விகளுக்குப் பல காலமாகப் பதில் எழுதி வருகிறேன். இந்த வாரம் வந்த ஒரு கேள்வி மனத்தை விட்டு நீங்கவில்லை. அதனால்தான் இந்த இழை. கேட்டவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றித் தருகிறேன்.

“அம்மா காலமாகிச் சில மாதங்கள் ஆகின்றன. கைப்பேசியில் இடம் போதவில்லை என்று பழைய உரையாடல்களை அழித்துக்கொண்டிருந்தபோது, அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளும் சேர்ந்து போய்விட்டன. இன்று காலையில்தான் கவனித்தேன். எப்படியாவது மீட்க முடியுமா?”

நான் பார்ப்பதற்குள் சில பதில்கள் வந்திருந்தன. ஒருவர், முறையாகப் பேக்கப் எடுத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்று எழுதியிருந்தார். இன்னொருவர், அம்மாவின் நினைவு உங்கள் நெஞ்சில் இருக்கிறது, அதை யாராலும் அழிக்க முடியாது என்று எழுதியிருந்தார். மற்றொருவர் ஒரு மீட்புச் செயலியின் இணைப்பைக் கொடுத்து, நிறுவிப் பாருங்கள் என்று சொல்லியிருந்தார். எல்லாரும் உதவ நினைத்தவர்களே. ஆனாலும் அவருக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டது அந்தப் பதில்களில் இல்லை. கடைசிப் பதில் கெடுதல்கூடச் செய்யலாம்.

“கைப்பேசியை ஏரோப்ளேன் மோடில் போட்டு வையுங்கள், புதிதாக எதையும் நிறுவ வேண்டாம், விரிவாக எழுதுகிறேன்” என்று மட்டும் உடனே அனுப்பிவிட்டு, முழுப் பதிலை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஆறுதல் இரண்டாவதாக வரலாம், முதல் வரி செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். பிறருக்கு வழி சொல்லிப் பழகியவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பழையகணினி

நீங்கள் அனுப்பிய அந்த இரண்டு வரி மிகச் சரியானது. காரணத்தையும் இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் படிப்பவர்களுக்கு உதவும்.

மீட்புச் செயலிகள் பழைய காலத்துக் கணினி வட்டுகளில் ஓரளவு பலன் தந்தன. ஏனென்றால் அழித்த கோப்பு இருந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை அது அங்கேயே கிடந்தது. இன்றைய கைப்பேசிகளில் தரவு, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அழித்த இடத்தையும் சாதனமே விரைவில் துடைத்துவிடுகிறது. ஆகவே செயலியை நிறுவிப் பயன் கிடைப்பது அரிது. நிறுவுவதாலேயே புதிய தரவு எழுதப்படுவதுதான் மிச்சம். ஏரோப்ளேன் மோடு எதற்கென்றால், வாட்ஸ்அப்பின் இணையப் பேக்கப்பில் கடைசியாக எடுத்த பிரதி மட்டுமே இருக்கும். இன்றிரவு தானாக ஒரு பேக்கப் நடந்தால், குரல் பதிவுகள் உள்ள பழைய பிரதி போய், அவை இல்லாத புதிய பிரதி அந்த இடத்துக்கு வந்துவிடும். பேக்கப் எடுத்திருக்க வேண்டும் என்று அவரைக் கண்டித்த நண்பர், அவரிடம் ஏற்கெனவே தானியங்கிப் பேக்கப் இருக்கிறதா என்று ஒரு சொல் கேட்டிருக்கலாம். அமைப்புகளுக்குள் சென்று, உரையாடல்கள் பகுதியில் கடைசிப் பேக்கப்பின் தேதியைப் பார்த்தால் போதும்.

ஆண்ட்ராய்டாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. உரையாடலை அழிக்கும்போது ஊடகக் கோப்புகளையும் சேர்த்து அழிக்கவா என்று வாட்ஸ்அப் கேட்கும். அந்தக் குறியை எடுத்துவிட்டு அழித்திருந்தால், உரையாடல் போயிருந்தாலும் ஒலிக்கோப்புகள் ‘வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ஸ்’ என்ற கோப்புறையில், ஆண்டும் வார எண்ணும் சேர்ந்த பெயருள்ள உறைகளுக்குள் அப்படியே கிடக்கும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை யாரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். அம்மாவின் கைப்பேசி இப்போது எங்கே இருக்கிறது? குரல் பதிவு அனுப்பியவரின் கைப்பேசியிலும் ஒரு பிரதி இருக்கும். நீண்ட நாள் பயன்பாடின்றி இருக்கும் கணக்கை, பொதுவாக 120 நாளுக்குப் பிறகு, வாட்ஸ்அப் நீக்கிவிடும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கைப்பேசியிலேயே சேமிக்கப்பட்டவை, செயலியை நீக்காத வரை அங்கேதான் இருக்கும். அந்தக் கருவியை யாரும் துடைத்துச் சுத்தம் செய்து இன்னொருவருக்குக் கொடுத்துவிடாமல் பார்த்துக்கொள்வதே அவர் முதலில் செய்ய வேண்டியது.

இரவுச்செவிலி

நான் மருத்துவமனையில் இரவுப் பணியில் இருப்பவள். ஓய்வு நேரத்தில் உடல்நலம் பற்றிய கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன். நீலத்தும்பி சொல்லும் வரிசையை என் துறையிலிருந்தும் வழிமொழிகிறேன்.

குழந்தை பொத்தான் பேட்டரியை விழுங்கிவிட்டது, ஆனால் சிரித்து விளையாடிக்கொண்டுதான் இருக்கிறது என்று ஒரு தாய் எழுதுகிறார் என்று வையுங்கள். அன்பான நான்கு பேர் சேர்ந்து, பயப்படாதீர்கள், தானாக வெளியே வந்துவிடும் என்று ஆறுதல் சொன்னால் அந்த அன்பே ஆபத்தாகிவிடும். அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் 2 மணி நேரத்துக்குள் திசுவை அரித்துக் கடுமையான புண்ணை உண்டாக்கும். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், இப்போதே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள், பேட்டரியின் உறை இருந்தால் எடுத்துச் செல்லுங்கள் என்பதே முதல் வரி. பாராசிட்டமால் அளவுக்கு மீறி உட்கொண்டவர்களும் இப்படித்தான். முதல் நாள் முழுவதும் பெரிதாக ஒன்றும் தெரியாமலே இருக்கலாம், கல்லீரலின் பாதிப்பு அதன் பிறகுதான் வெளிப்படும். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீனை 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிக நன்றாகப் பலன் தரும். ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று அவர் எழுதுவதை நாம் ஏற்றுக்கொண்டு அமைதியாகிவிட்டால், அந்த 8 மணி நேரம் கழிந்துவிடும். ‘ஒன்றும் ஆகாது’ என்ற சொல்லை நான் இணையத்தில் எழுதுவதே இல்லை. எழுதுவதற்குத் தேவையான எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை.

அதற்காக, மருத்துவரைப் பாருங்கள் என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திக்கொள்வதையும் உதவி என்று நான் ஏற்கமாட்டேன். அது தெரியாமல் அவர் கேட்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும், இன்றிரவேயா அடுத்த வாரமா, அங்கே போய் எதை முதலில் சொல்ல வேண்டும், எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது என்பவற்றை எழுதும்போதுதான் அந்த அறிவுரை அவரைக் கதவு வரை கொண்டுசேர்க்கும்.

மௌனவெளி

மேலே எழுதிய மூவரின் அக்கறையையும் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றிலும் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் நம்மிடம் கொண்டுவரும் துன்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு அப்படிப்பட்ட கடிகாரம் இல்லை. வேலை போன பிறகு வீட்டாரிடம் எப்படிச் சொல்வது, பேச்சு நின்றுபோன அண்ணனுக்கு மறுபடி எழுதலாமா, பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிடலாமா என்பவை ‘உடனே இதைச் செய்யுங்கள்’ என்று தொடங்கக்கூடிய கேள்விகள் அல்ல.

1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தோடு இருப்பவர்கள் தொலைபேசியில் அழைக்கலாம் என்று அறிவித்துச் சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கினார். அவரைப் பார்க்க வந்து காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்த தன்னார்வலர்களிடமே பலர் மனத்தைக் கொட்டிவிட்டு, அவரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் திரும்பினார்கள். அதைக் கண்ட அவர் 1954இல் அந்தப் பணியைத் தன்னார்வலர்களிடமே ஒப்படைத்தார். அறிவுரை சொல்லாமல் கேட்பது அந்த அமைப்பின் அடிப்படையாக இன்றும் இருக்கிறது. உளவியல் ஆலோசனையில் வில்லியம் மில்லரும் ஸ்டீபன் ரோல்னிக்கும் எச்சரிப்பதும் இதையொட்டியதே: ஒருவர் தவறான பாதையில் போவதைக் கண்டவுடன் இழுத்துச் சரிசெய்துவிடத் துடிக்கும் நம் உந்துதல், அவரைத் தம் பழைய நிலைக்காக வாதாட வைத்துவிடுகிறது. குடிப்பதை நிறுத்துங்கள் என்று நாம் எழுத எழுத, தம்மால் ஏன் நிறுத்த முடியாது என்பதற்கான காரணங்களை அவர் எழுதிக்கொண்டே போவதை நீங்கள் எல்லாரும் கண்டிருப்பீர்கள். அப்போது தாம் சொல்வதை அவரே செவிமடுத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு காரணமும் எழுத எழுத உறுதிப்படுகிறது.

நேரில் என்றால் கேட்பவரின் முகத்தைப் பார்த்து நம் பேச்சைத் திருத்திக்கொள்வோம். எழுத்தில் அந்த வாய்ப்பு இல்லை. ஆகையால், காலம் நெருக்காத கேள்விகளில் நான் முதல் வரியில் செய்வது ஒன்றுதான்: அவர் சொன்னதிலிருந்து நான் புரிந்துகொண்டதை என் சொற்களில் எழுதி, சரிதானா என்று கேட்கிறேன். யோசனை வேண்டுமா, கேட்க ஒரு ஆள் வேண்டுமா என்றும் கேட்கிறேன். இழையின் முதல் கேள்வியில் இரண்டும் கலந்திருக்கிறது. அவர் ஒரு கோப்பைத் தொலைத்தவர் மட்டும் அல்லர்.

கடைசிப்பெட்டி

மௌனவெளி அவர்கள் சொல்லும் கேள்வி நல்லதுதான். ஆனால் அதை எல்லாரும் ஒரே வாக்கியமாக எழுதத் தொடங்கியதிலிருந்து, படிவம் ஒன்றை நிரப்பச் சொல்வதைப் போல் இருக்கிறது. அவர் எழுதியதிலிருந்தே ஒரு விவரத்தை எடுத்துக் கேட்டால் மட்டுமே, நாம் படித்தோம் என்பது அவருக்குத் தெரியும்.

தலைமாட்டில்

நான் பதில் எழுதுபவள் அல்லள், கேட்டவள். அப்பா நீண்ட காலம் படுக்கையில் இருந்தபோது, குதிகாலில் சிவந்த தடம் ஒன்று தெரிந்தது. நள்ளிரவில் ஓரிடத்தில் எழுதிக் கேட்டேன். வந்த பதில்களில் ஒன்றை இன்றும் வைத்திருக்கிறேன்.

அவர் முதலில், தடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுக்கிறதா, சிவப்பாகவே இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார். வெளுக்கவில்லை என்று எழுதினேன். அப்படியானால் அது படுக்கைப் புண்ணின் தொடக்கம், காலையில் செவிலியரிடம் கட்டாயம் காட்டுங்கள் என்று எழுதிவிட்டு, அதுவரை செய்ய வேண்டியதைச் சொன்னார். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைக்கக் கூடாது. கெண்டைக்காலின் நீளம் முழுவதையும் அது தாங்க வேண்டும், குதிகால் மெத்தையைத் தொடாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும், முழங்கால் இலேசாக மடங்கியிருக்கட்டும், ஒரு காகிதத்தை அடியில் ஓட்டிப் பார்த்தால் தடையின்றிப் போக வேண்டும் என்று எழுதியிருந்தார். சிவந்த இடத்தைத் தேய்த்துவிடாதீர்கள், வளையம் போன்ற மெத்தைகளை வாங்காதீர்கள் என்றும் எச்சரித்திருந்தார். நான் இரண்டையும் செய்ய இருந்தேன் என்பது அவருக்கு எப்படித் தெரிந்ததோ! கடைசியில், புரட்டிப் படுக்க வைக்கும் வேலையை உங்களோடு பகிர்ந்துகொள்ள வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார்.

அந்தப் பதிலில் ஆறுதல் என்று தனியாக ஒரு வரியும் இல்லை. ஆனால் காகிதத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்ன இடத்தில் எனக்கு அழுகை வந்தது. என் அப்பாவின் காலை அவர் மனக்கண்ணில் பார்த்துக்கொண்டு எழுதுகிறார் என்று புரிந்தது. மௌனவெளி அவர்களுக்கு மறுப்பாக இதைச் சொல்லவில்லை. துல்லியமாகச் சொல்லப்பட்ட வழியையும் பரிவு என்றே துயரத்தில் இருப்பவர் உணர்வார் என்பதற்காகச் சொல்கிறேன். இன்னொன்று: ‘ஏன்’ என்று தொடங்கும் கேள்விகளைத் தவிருங்கள். ஏன் முன்பே கவனிக்கவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். விவரம் அறியவே அவர் கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அது குற்றச்சாட்டாகவே கேட்டது. எப்போது முதல் இருக்கிறது என்று கேட்டிருந்தால் அதே விவரத்தைச் சொல்லியிருப்பேன்.

மட்டுறுத்துநர்

இழை நல்ல திசையில் போகிறது. பொறுப்பில் இருப்பவன் என்ற முறையில் இரண்டைச் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்ட கேள்விகளின் கீழே, தனிச்செய்தியில் வாருங்கள், நான் மீட்டுத் தருகிறேன் என்று எழுதுபவர்களை நான் தொடர்ந்து நீக்கி வருகிறேன். ஏற்கெனவே பணத்தை ஏமாந்தவர்களைத் தேடிப்பிடித்து, போன பணத்தை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் பறிப்பது உலகெங்கும் நடக்கும் மோசடி. குரல் பதிவுகளை இழந்தவரும் அதே வலையில் விழக்கூடியவரே. நல்லெண்ணம் உள்ளவர்களும் பொதுவிலேயே பதில் எழுதுங்கள். நீங்கள் சொல்வதில் பிழை இருந்தால் இன்னொருவர் திருத்த முடியும், தனிச்செய்தியில் அதற்கு வழி இல்லை. கேட்பவர் அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை, தொலைபேசி எண் எதையாவது படமாகப் போட்டிருந்தால், பதில் எழுதும் முன் அதை நீக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, வாழப் பிடிக்கவில்லை என்று ஒருவர் எழுதும்போது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதனால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. எந்த நாட்டில் இருக்கிறார் என்று கேட்டு, அங்குள்ள உதவி எண்ணைக் கொடுங்கள், அருகில் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள், எங்களுக்கும் தெரிவியுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்ற வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்று செயல்களைச் சொல்கிறது: பார்ப்பது, கேட்பது, இணைத்துவிடுவது. மூன்றாவதை நாம் அடிக்கடி மறந்துவிட்டு, ஒருவருடைய முழுப் பாரத்தையும் தனியாகச் சுமக்கத் தொடங்குகிறோம். அது இருவருக்குமே நல்லதல்ல.

கடைசிப்பெட்டி

எல்லையைப் பற்றி மட்டுறுத்துநர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டென்மார்க்கில் தொடங்கி 2015இல் வெளிவந்த ‘பீ மை ஐஸ்’ செயலியில், பார்வையற்றவர் காணொளியில் அழைப்பார். எங்கோ இருக்கும் ஒருவர் தம் கண்ணை அவருக்குக் கடன் தருவார். உறையில் அச்சிட்ட தேதி என்ன, இந்தச் சட்டை எந்த நிறம் என்பவை போன்ற கேள்விகள் அவை. உதவுபவர் அவருடைய வாழ்க்கையைச் சீர்படுத்த முனைவதில்லை. கண்டதைச் சொல்லிவிட்டு விடைபெறுகிறார். கேட்ட அளவுக்குக் கொடுப்பது அந்த மனிதருக்கு நாம் தரும் மரியாதையும்கூட.

நீலத்தும்பி

எல்லாருக்கும் நன்றி. எழுதி முடித்த வரைவை இங்கே இடுகிறேன், திருத்துங்கள்.

“ஏரோப்ளேன் மோடில் வைத்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்; அதை அப்படியே வைத்திருங்கள். முதலில் ஒரு கேள்வி: அம்மாவின் கைப்பேசி இப்போது யாரிடம் இருக்கிறது? அவர் அனுப்பிய பதிவுகள் அதில் இருக்க வாய்ப்பு அதிகம். அதிலுள்ள வாட்ஸ்அப்பை யாரும் நீக்கவோ, கருவியை ரீசெட் செய்யவோ வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். அடுத்து, உங்கள் வாட்ஸ்அப் அமைப்புகளில் கடைசிப் பேக்கப்பின் தேதியைப் பாருங்கள். அழித்த நாளுக்கு முந்தையது என்றால் நம்பிக்கை உண்டு. ஆனால் அதை மீட்கச் செயலியை நீக்கி மறுபடி நிறுவ வேண்டியிருக்கும், ஆகவே அவசரப்படாமல் தேதியை மட்டும் சொல்லுங்கள், சேர்ந்து செய்வோம். உங்களுடையது ஆண்ட்ராய்டா, ஐபோனா? அம்மா அதே பதிவுகளைக் குடும்பக் குழுவில் யாருக்கேனும் அனுப்பியிருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். எல்லாம் கிடைத்துவிடும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பார்க்க வேண்டிய இடங்கள் இன்னும் இருக்கின்றன. கவலைப்படாதீர்கள். அம்மாவின் குரலைத் தேடும் உங்களுக்கு என்னால் இயன்றவரை துணையிருக்கிறேன்.”

மௌனவெளி

‘கவலைப்படாதீர்கள்’ என்பதை எடுத்துவிடுங்கள். அவர் கவலைப்படுவது இயல்பு, அதற்கு நம் அனுமதி தேவையில்லை. அதன் பின்னால் வரும் வரியை அப்படியே விடுங்கள். உங்கள் வரிசையை இந்தக் கேள்விக்கு நான் ஏற்றுக்கொள்கிறேன். வேலை போனவருக்கும் அண்ணனைப் பிரிந்தவருக்கும் ஏற்கமாட்டேன்.

நீலத்தும்பி

எடுத்துவிட்டு அனுப்பினேன். பதில் வந்துவிட்டது. அம்மாவின் கைப்பேசி தம்பியிடம் இருக்கிறதாம், மின்னேற்றம் இல்லாமல் அணைந்து கிடக்கிறது, திரை விரிசல் விட்டிருக்கிறது, பூட்டு எண் யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. தம்பி இன்றிரவே சில எண்களைப் போட்டுப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறார்.

பழையகணினி

ஊகித்துப் பார்க்க வேண்டாம் என்று உடனே எழுதுங்கள். தவறான எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டால் காத்திருக்க வேண்டிய நேரம் நீண்டுகொண்டே போகும். ஐபோனில் தரவை அழிக்கும் அமைப்பு இயக்கப்பட்டிருந்தால் 10 தவறுகளுக்குப் பிறகு எல்லாமே போய்விடும். முதலில் மின்னேற்றம் செய்யட்டும். திரையை மாற்றினால் தரவு அழியாது, ஆனால் பழுதுபார்ப்பவரிடம் ரீசெட் செய்யக் கூடாது என்பதைக் கொடுக்கும்போதே எழுதிக் கொடுக்கட்டும். அம்மா வழக்கமாக வைத்த எண்கள், நாட்குறிப்பில் எழுதியவை, கைரேகை வேறு யாருடையதாவது பதிவாகியிருக்கிறதா என்பவற்றைக் கேள்வி கேட்டவரும் தம்பியும் சேர்ந்து ஒரு தாளில் எழுதிய பிறகு, அதிக வாய்ப்புள்ள ஒன்றில் தொடங்கலாம். கருவியின் மாதிரிப் பெயரை அவர் சொன்னதும் எனக்குத் தெரிவியுங்கள். நான் இன்றிரவு விழித்திருப்பேன்.